ஞானசௌந்தரி டீச்சர் வீட்டு நம்பர் பெட்டி

ஞானசௌந்தரி டீச்சர் யாரையும் நம்பியதில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் பாலில் விரலை முக்கிப் பார்ப்பார். சர்ச்சில் போதகர் ஒரு வசனத்தைச் சொன்னால், அது அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறதா என்று அங்கேயே வேதப்புத்தகத்தைப் புரட்டிவிடுவார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பரீட்சை ஹாலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பாராம், வருகிற சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று. பிட்டோடு மாட்டிய பிள்ளை தனியாக வந்து அழுதால் விட மாட்டார். "தப்பு நாலு பேரு இருக்கப் பண்ணினே, மன்னிப்பும் நாலு பேரு முன்னால கேளு" என்பார். என் பெண்டாட்டி அவரிடம் படித்தவள். டீச்சர் தெருவில் வந்தால் இவள் இன்றைக்கும் கையில் இருப்பதை மறைக்கப் பார்ப்பாள், அது வெறும் கத்தரிக்காய்ப் பையாக இருந்தாலும்.

நான் முத்துமாலை. மார்க்கெட் பக்கம் டெலிபோன் சாமான் விற்று, ரிப்பேரும் பார்த்துப் பிழைக்கிறவன். டீச்சரின் சந்தேகத்தைப் பற்றிச் சொல்ல வந்தாலும், இந்தக் கதையில் பாதிக் குற்றம் என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2005-ஆம் வருடம், ஜூன் மாதக் கடைசியில் டீச்சர் கடைக்கு வந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொரு கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. வந்ததும் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முத்துமாலை, தெனமும் சாயங்காலம் அஞ்சே காலுக்கு வீட்டுக்கு ஒரு போன் வருது. நான் எடுத்து ஹலோன்னா வச்சிருதான். ஆனா என் மருமக எடுத்தா வைக்க மாட்டேங்கான். இவ 'ம், ம்'ங்கா. ரெண்டு வார்த்தை பேசுதா. யாருட்டின்னு கேட்டா ராங் நம்பருங்கா. தெனமும் அதே நேரத்துக்கு ராங் நம்பர் வருமா வே?"

மருமகள் டார்லின் முக்கூடல்காரப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்தான். மகன் ஜெய்சனுக்கு அம்பாசமுத்திரத்தில் பேங்க் வேலை. காலையில் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவான். வீட்டுக்காரர் வேதநாயகம் சார் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. தினமும் நாலரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு மைதானத்தில் நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார், ஏழு மணி ஜெபத்துக்குள் திரும்பிவிடுவார். ஆக, அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது மாமியாரும் மருமகளும் மட்டும்தான்.

நான் ஒரு காலர் ஐடி பெட்டியை எடுத்துக் காட்டினேன். அப்போது அதை எல்லோரும் நம்பர் பெட்டி என்றுதான் சொல்வார்கள். யார் கூப்பிட்டாலும் அந்த எண்ணைக் காட்டி, நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். பேட்டரி செல் போட வேண்டாம், பிளக்கில் சொருக வேண்டாம், போன் கம்பியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னேன். டீச்சருக்கு உடனே சந்தேகம்.

"போன் கம்பியில ஏதுவே கரண்டு? எக்சேஞ்சுக்காரனுக்குத் தெரியுமா இது?"

"ரிசீவர் கீழ இருக்கும்போது கம்பியில நாப்பத்தெட்டு வோல்ட் சும்மா நிக்கும் டீச்சர். இந்தப் பெட்டி அதுல இருந்து துளித் துளியா உறிஞ்சி உள்ள சேத்து வச்சிக்கிடும். அவனுக்குத் தெரியவே தெரியாது."

"அப்பம் திருட்டுதான்" என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

நானே போய் மாட்டிக்கொடுத்தேன். ஒரு சங்கடம் இருந்தது. அந்தத் திரையில் எண்கள் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். டீச்சரின் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. டார்லினை வாசிக்கச் சொல்வாரா? அதற்குப் பெட்டியே வாங்காமல் இருந்திருக்கலாம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டால் மானம் போகும். அதனால் ஜெய்சன் எட்டு மணிக்கு வந்து பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெய்சன் பெட்டியைப் பார்த்தான். வந்த நாலு போனும் நேரத்தோடு வரிசையாக இருந்தன. பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று டீச்சரே ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு மணி அடித்தது, டீச்சர் எடுத்தார், வைத்துவிட்டார்கள். எட்டு மணிக்கு ஜெய்சன் பார்த்தால் பெட்டி காலி. முந்தின நாள் எண்கள்கூட இல்லை. செவ்வாயும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் ஞாயிறன்று அந்த ஐந்தே கால் போன் வருவதில்லை.

டீச்சர் நேரே என் கடைக்கு வந்தார்.

"ஜெய்சன் வீட்டுல இருக்க நாளைக்கு நம்பர் இருக்கு. அவன் இல்லாத நாளைக்கு இல்ல. இது தானா அழியுமா? நீரு சொல்லும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் சரக்கைப் பற்றியல்லவா கேட்கிறார். கடையில் இருந்த இன்னொரு பெட்டியில் என் லைனுக்கு வந்த எண்களைக் காட்டினேன். கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காபி வாங்கிக் குடித்தோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

"பாத்தீங்களா டீச்சர்? தானா அழியாது. பட்டனை அமுக்கி ஒரு ஆளு அழிச்சாத்தான் உண்டு."

டீச்சர் தலையை ஆட்டினார். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது டார்லினைத்தான் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் என் வேலையைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து டார்லினே கடைக்கு வந்தாள். நல்ல பிள்ளை. முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியில நம்பர் தானா அழியாதா? நெசமாவே அழியாதா?"

"அழியாதும்மா."

"அப்ப வீட்டுல உள்ள யாரோதான் அழிக்காவளா?"

ஆமாம் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நானும் மனசுக்குள் முடிவு கட்டினேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளை எதற்காகக் கேட்டாள் என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் விஷயம் முற்றிவிட்டது. ஜெய்சன் பத்து நாளாக அவளோடு பேசவில்லை. டீச்சர் முக்கூடலுக்குப் போன் போட்டு, உங்கள் மகளை வந்து கூட்டிப் போங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவர் வருவதாக இருந்தது. அவர் வரும்போது பேச்சில் ஓட்டை இருக்கக் கூடாதென்று டீச்சர் என்னை வரச் சொன்னார். பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, தானாக அழியாது என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன். சொன்ன வாய்தானே.

ஆறே முக்காலுக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். நடையில் ஒரு சூட்கேஸ் கட்டி வைத்திருந்தது. வேதநாயகம் சார் அப்போதுதான் வந்து குடையை மூலையில் சாய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. டார்லின் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள்.

நான் பெட்டியைப் பார்த்தேன். 5.17 என்று நேரம் போட்டு ஒரு எண் இருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பேட்டை பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்குகிற, ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற காயின் பாக்ஸ் அது. மாதம் ஒரு தடவை அதில் காசு சிக்கிக்கொள்ளும். கடைக்காரி மாரிக்கண்ணு என்னைத்தான் கூப்பிடுவாள். தொழில் பழக்கத்தில் அந்த எண்ணை உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன். டீச்சரிடம் சொல்ல வாயெடுத்தேன். சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. டீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எதுனாலும் ஜெபத்துக்குப் பொறவு. அங்கன உக்காரும்."

அப்படிச் சொல்லிவிட்டு டெலிபோன் பக்கம் போனார். ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்தார். ஜெப நேரத்தில் போன் அடிக்கக் கூடாது என்று அந்த வீட்டில் ரொம்ப காலத்துப் பழக்கமாம். எனக்கு இது தெரியாது. நான் கோயிலுக்குப் போகிறவன். ஏழு மணி ஜெபத்துக்கு எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. ரிசீவர் கொஞ்ச நேரம் முனகியது, பிறகு கத்தியது, பிறகு அடங்கிவிட்டது.

ஒரு பாட்டு பாடினார்கள். ஒரு அதிகாரம் முழுக்க டார்லின் வாசித்தாள், குரல் நடுங்காமல். பிறகு எல்லோரும் கண்ணை மூட, டீச்சர் ஜெபிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தார். போதகர், வியாதிக்காரர்கள், நாட்டை ஆளுகிறவர்கள், மருத்துவமனையில் கிடக்கிற பக்கத்து வீட்டுக்காரர், யாரையும் விடவில்லை. அப்புறம் குரல் இறுகியது. "ஆண்டவரே, இந்த வீட்டில் மறைவில் நடக்கிற காரியத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும். பொய் பேசுகிற நாவை நீர் அறிவீர்" என்றார். நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இப்படி ஜெபத்தில் சொல்வது உண்டு என்று என் பெண்டாட்டி பிறகு சொன்னாள். ஜெபத்தின் நடுவில் யாரும் பதில் பேச முடியாதல்லவா.

எனக்குக் கண்ணை மூட வரவில்லை. நம்பர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். எண்கள் மங்கின மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் மங்கியது. ஒவ்வொரு இலக்கமாகத் தேய்ந்து, என் கண்ணெதிரே திரை வெள்ளையாகிவிட்டது. பெட்டியைத் தொட ஒரு கை அதன் பக்கத்தில் போகவில்லை. டார்லின் சுவர் ஓரத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிசீவரை எடுத்துவிட்டால் கம்பியில் நாற்பத்தெட்டு வோல்ட் ஏது? எட்டோ ஒன்பதோதான் இருக்கும். பெட்டிக்கு உறிஞ்ச ஒன்றும் இருக்காது. உள்ளே சேர்த்து வைத்த சொம்புத் தண்ணீர் மாதிரி கொஞ்சம் கரண்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தாங்கும், இருபது நிமிடம் தாங்கும். முக்கால் மணி நேர ஜெபத்துக்குத் தாங்குமா? மற்றபடி மூன்று நிமிடத்துக்கு மேல் போன் பேசாத வீடு அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். வீட்டு ஜெபம் கிடையாது. ரிசீவர் கீழேயே இருக்கும், எண்களும் இருக்கும். பத்து நிமிடம் காபி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன பெரிய மெக்கானிக் நான்!

ஆமென் சொல்லி முடித்ததும் எழுந்தேன்.

"டீச்சர், நம்பரை அழிச்சது யாருன்னு தெரிஞ்சு போச்சு."

டீச்சர் டார்லினைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையைப் பாக்காதீங்க. அழிச்சது நீங்கதான்."

விளக்கிச் சொன்னேன். ரிசீவரை எடுத்துப் போன்மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு மணி, ஜனவரி ஒன்று என்று காட்டியது. அடுத்த போன் வரும்போது எக்சேஞ்ச் அனுப்புகிற நேரத்தைப் பிடித்துச் சரியாகிவிடும். "பட்டனை அமுக்கி அழிச்சா நம்பர் மட்டுந்தான் போவும், தேதி போவாது. இது பட்டினி கிடந்து செத்துப் பொழைச்சிருக்கு. நான்தான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். என் மேலதான் தப்பு" என்றேன்.

டீச்சர் பெட்டியின் முன் குனிந்து, நல்ல கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஞானசௌந்தரி டீச்சர் அல்லவா.

"சரி, இவ அழிக்கல. போன் பண்ணுதது யாரு?"

நான் உள்ளங்கையை விரித்தேன். "இன்னைக்கு வந்த நம்பர் கையில இருக்கு டீச்சர். பேட்டையில ஒரு காயின் பாக்ஸ். கடைக்காரி எனக்குத் தெரிஞ்சவதான். கேட்டா ஆளைச் சொல்லிருவா."

"போடும்."

"அண்ணாச்சி, வேண்டாம்!" என்றாள் டார்லின்.

டீச்சர் சட்டென்று திரும்பினார். "பாத்தீரா? பாத்தீராவே? ஏண்டி வேண்டாம்? யாருட்டி அவன்?"

டார்லின் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். இன்னொரு தடவை இந்தப் பிள்ளைக்குக் குழி வெட்டிவிட்டேனோ என்று தோன்றியது.

அப்போது வேதநாயகம் சார் எழுந்து நின்றார்.

"ஞானம், நான் ஒரு ஜெபம் பண்ணணும்."

"ஜெபந்தான் முடிஞ்சிட்டே."

"என் ஜெபம் முடியல" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிவிட்டார். டீச்சருக்கு வேறு வழியில்லை. அவரும் மூடினார்.

"ஆண்டவரே, ஒரு ரூபாய் போட்டுப் போன் பண்ணினது நான்தான்" என்று ஆரம்பித்தார். டீச்சரின் உதடு துடித்தது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தை இடைமறித்து அவருக்குப் பழக்கமில்லை.

"என் கூடப்பிறந்த தங்கத்தாய் பேட்டையில படுத்த படுக்கையா இருக்கா. அவ மகளை ஜெய்சனுக்கு எடுக்கலன்னு வந்த சண்டையில, அந்த வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா. நான் மைதானத்துக்குப் போகல ஆண்டவரே. தெனமும் அவளுக்குக் கஞ்சி ஊட்டத்தான் போறேன். முன்னால ஒருநா நான் போற பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸுல ஞானம் பின்னாலேயே வந்துட்டா, நல்லவேளை என்னைக் காணல. அதனால வீட்டுலதான் இருக்காளான்னு தெரிஞ்சுக்கிட போன் போடுவேன். அவ எடுத்தா வச்சிருவேன். இந்தப் பிள்ளை எடுத்தா, அத்தை இருக்காளான்னு கேப்பேன். சொல்லாதேம்மான்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நம்பரை எனக்காக இவதான் அழிக்கான்னு நான் நெனைச்சேன். நான் அழிக்கேன்னு இவ நெனைச்சிருக்கா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சூட்கேஸைக் கட்டுத வரைக்கும் நான் வாயைத் திறக்கல. பயந்தாங்கொள்ளியா இருந்துட்டேன். என் மகளா இருந்தா விட்டிருப்பேனா?"

அவர் கண்ணையும் திறக்கவில்லை, ஆமென்னும் சொல்லவில்லை. ஆமென் சொன்னால் டீச்சர் பேச ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான். அப்படியே நின்றார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

கடைசியில் டீச்சர்தான் "ஆமென்" என்றார்.

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். டார்லினிடம் திரும்பினார்.

"நீ ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அத்தை?"

எதிர்த்துக் கேட்கிற குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சர் முப்பத்தொரு வருடம் பதிலை மற்றவர்களிடம் வாங்கியே பழகியவர்.

என் கையிலிருந்த ரிசீவரை வாங்கி, என்னை எண்களை அழுத்தச் சொல்லி முக்கூடலுக்குப் போட்டார். டார்லினின் அப்பா எடுத்தார்.

"சம்பந்தி, நான் ஞானசௌந்தரி பேசுதேன். நாளைக்கு அவசியம் வாங்க... இல்ல, கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஜெய்சனையும் லீவு போடச் சொல்லுதேன்." ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "உங்க மக மேல நான் வீண்பழி போட்டுட்டேன். இப்பமே மன்னிப்புக் கேட்டிருவேன். ஆனா நாலு பேரு முன்னாலதான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். நாளைக்கு நீங்க எல்லாரும் வந்து உக்காந்தப்பொறவு, எந்திரிச்சு நின்னு கேக்கேன்."